லிஃப்ட் கதவு மூடியதும் அறுந்துபோகும் நகரம்

பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு, வொய்ட்ஃபீல்டு என்று பெங்களூருவில் எந்தப் பக்கம் போனாலும் பெரிய அபார்ட்மென்ட்களின் பேஸ்மென்ட்டில் ஒரே காட்சிதான். சாப்பாட்டுப் பையை வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு லிஃப்ட்டில் இறங்கி வருகிற டெலிவரி ஊழியர், பைக்கை எடுக்குமுன் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்க்கிறார். ‘டெலிவர்டு’ பட்டனை அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ராம்ப் ஏறி, கேட்டைத் தாண்டி, வெயிலில் வந்து நின்ற பிறகுதான் அந்த ஆர்டர் முடிகிறது. அடுத்த ஆர்டர் வருகிறது. பக்கத்திலேயே ஒரு கேப் டிரைவர், ஓ.டி.பி. வாங்கிவிட்டு ‘ஸ்டார்ட்’ ஆகாத பயணத்தோடு போராடுகிறார். மேலே 14-ஆவது மாடியில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண், மீட்டிங் நடுவே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடுகிறார்.

இது சாதாரண ஊர் இல்லை. இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் 1948-லேயே தொடங்கப்பட்டு நாட்டுக்கெல்லாம் தொலைபேசி செய்து கொடுத்த ஊர். 2022 அக்டோபர் 1 அன்று 5ஜி சேவை தொடங்கியபோது, ஏர்டெல் முதலில் தேர்ந்தெடுத்த 8 நகரங்களில் பெங்களூருவும் ஒன்று. அடுத்த மாதமே ஜியோவும் வந்துவிட்டது. உலகம் முழுக்க ஓடுகிற ரவுட்டர்களுக்கும் வைஃபை கருவிகளுக்கும் இங்கே உட்கார்ந்துதான் மென்பொருள் எழுதுகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில், சுவருக்கு வெளியே பாய்கிற சிக்னல் சுவருக்கு உள்ளே வந்ததும் தடுமாறுகிறது.

மொபைல் டேட்டாவில் சுமார் 80 சதவீதம் கட்டடங்களுக்கு உள்ளேதான் செலவாகிறது என்று உலகளாவிய ஆய்வுகளை மேற்கோள் காட்டி, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொல்கிறது. நாமும் போனை வீட்டில், ஆபீஸில், ஆஸ்பத்திரியில், மாலில்தான் அதிகம் பார்க்கிறோம். ஆனால் சிக்னலை அளக்கும் வேலை பெரும்பாலும் தெருவில் நடக்கிறது. ‘டிரைவ் டெஸ்ட்’ என்ற பெயரில் கருவிகள் பொருத்திய கார் நகரைச் சுற்றி வருகிறது. 2024-ல் வந்த புதிய சேவைத் தர விதிகளின்படி நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் கவரேஜ் வரைபடம் போடவேண்டும், போடுகின்றன. அது உங்கள் பேட்டையையும் தெருவையும் வண்ணம் தீட்டிக் காட்டும். உங்கள் பேஸ்மென்ட்டைக் காட்டாது.

கட்டடத்துக்கு உள்ளே அளக்க வேண்டுமென்றால், ஒருவர் நடந்துதான் ஆகவேண்டும்.

நடந்து அளக்கிறவர்கள்

டெலிகாம் ஆட்கள் இதை ‘வாக் டெஸ்ட்’ என்பார்கள். வைஃபை பக்கம் இருப்பவர்கள் ‘சைட் சர்வே’ என்பார்கள். பெங்களூருவில் இந்த வேலையைச் செய்யும் இளைஞர்களில் கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர், சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். பெரும்பாலும் கான்ட்ராக்ட் வேலை. முதுகில் ஒரு பை, கையில் லேப்டாப் அல்லது டேப்லெட், தோளில் மாட்டிய சின்ன அளவீட்டுப் பெட்டி, நிறுவனம் கொடுத்த ஐ.டி. கார்டு. இவ்வளவுதான் இவர்களுடைய ஆயுதம்.

முதல் வேலை, மாடியின் வரைபடத்தை மென்பொருளில் ஏற்றுவது. ஃபின்லாந்தில் பிறந்த எகஹாவ் போன்ற மென்பொருள்கள் உலகம் முழுக்க இதற்குப் பயன்படுகின்றன. வரைபடத்தை ஏற்றியதும் ‘ஸ்கேல்’ வைக்க வேண்டும். ஒரு கதவின் அகலத்தையோ ஒரு காரிடாரின் நீளத்தையோ டேப் பிடித்து அளந்து, படத்தில் அந்த இரண்டு புள்ளிகளைக் குறிக்கிறார்கள். இந்த இடத்தில் அரை மீட்டர் பிசகினால் மாடி முழுக்கக் கணக்கு பிசகும். அனுபவசாலிகள் இரண்டு இடத்திலாவது அளந்து சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்துவைப்பார்கள்.

அப்புறம் நடை. நிதானமான, ஒரே சீரான நடை. நிற்கிற இடத்தை வரைபடத்தில் தொட்டுக் குறித்துவிட்டு, நேர்க்கோட்டில் நடந்து, திரும்புகிற இடத்தில் மறுபடி தொடவேண்டும். தொட்ட இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கருவி பதிந்த அளவுகளை மென்பொருள் அந்தப் பாதையில் பரப்பிப் போடும். யாராவது கூப்பிட்டுப் பேச்சுக் கொடுத்து நடுவில் நின்றுவிட்டால் அந்தத் துண்டு பாழ். சுவரின் ஒரு பக்கம் நடந்தால் போதாது. மறுபக்கமும் நடக்க வேண்டும். அறைக்குள் போகாமல் காரிடாரில் மட்டும் நடந்து முடித்த சர்வேயில் படம் பச்சைப் பசேல் என்று அழகாக வரும். அறைக்குள் உட்கார்ந்தவருக்குக் கால் கட்டாகும். பல கட்டடங்களில் நடந்தது இதுதான்.

சும்மா கேட்டுக்கொண்டே நடப்பது ஒரு வகை: எந்த ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு வலுவில் அலை வருகிறது என்று மட்டும் பதியும். நெட்வொர்க்கில் இணைந்து டேட்டாவை அனுப்பியும் வாங்கியும் பார்ப்பது இன்னொரு வகை. கட்டடம் இன்னும் எழும்பாதபோது, சுவர் எதனால் ஆனது என்று மென்பொருளுக்குச் சொல்லி, கணக்கிலேயே ஊகிப்பது மூன்றாவது. இந்த மூன்றாவது வகையை முழுசாக நம்பக்கூடாது. அதனால் கவனமாக வேலை செய்பவர்கள் ஸ்டாண்டு ஒன்றின் உச்சியில் ஆக்சஸ் பாயின்ட் என்கிற வைஃபை ஆன்டெனாப் பெட்டியைக் கட்டி, பேட்டரி கொடுத்து, அது நாளை எந்தக் கூரையில் தொங்கப்போகிறதோ அந்த இடத்தில் நிறுத்தி, சுற்றி நடந்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் டிரில் மெஷின்.

இன்னொன்றும் உண்டு. ஆபீஸ் சர்வே என்றால் நிர்வாகம் சனிக்கிழமைதான் வரச் சொல்லும். நாற்காலிகள் காலி. மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீர் ரேடியோ அலையை உறிஞ்சும். காலி மாடியில் நன்றாக இருக்கிற சிக்னல், செவ்வாய்க்கிழமை காலை எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் இறங்கிவிடும். மதியம் பேன்ட்ரியில் மைக்ரோவேவ் அவன் ஓடத் தொடங்கினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு இன்னொரு அடி, ஏனென்றால் அதுவும் அதே அலைவரிசையில்தான் சோற்றைச் சூடாக்குகிறது. நல்ல சர்வே என்றால் ஆள் இருக்கும்போதும் ஒருமுறை நடக்க வேண்டும். அந்த இரண்டாவது நடைக்கான பணத்தைத்தான் கொட்டேஷனில் முதலில் வெட்டுகிறார்கள்.

பெங்களூருவின் சுவர்கள்

சிக்னல் எதனால் அறுகிறது என்பதற்கு இந்த நகரத்தின் கட்டடக் கதையே பதில்.

பழைய பெங்களூருவின் பொதுக்கட்டடங்கள் பல கருங்கல். 1956-ல் முடிந்த விதான சௌதாவைப் பார்த்தாலே தெரியும். அத்தனை கனமான கல்லைத் துளைத்து உள் அறைக்குப் போக எந்த அலைக்கும் சிரமம்தான். ஆனால் அந்தக் காலத்து வீடுகள் அப்படியில்லை. பசவனகுடியிலும் மல்லேஸ்வரத்திலும் அல்சூரிலும் ஓடு, செங்கல், மரச் சன்னல். ஒரு செங்கல் சுவரைத் தாண்டினால் சிக்னல் குறையும், சாகாது. சன்னல் திறந்தே இருக்கும். அலை தாராளமாக உள்ளே வரும்.

1990-களின் இறுதியில் வொய்ட்ஃபீல்டில் ஐ.டி.பி.எல். தொழில்நுட்பப் பூங்கா வளாகம் எழுந்த பிறகு, நகரம் கண்ணாடி பூசிக்கொள்ளத் தொடங்கியது. அவுட்டர் ரிங் ரோட்டில் இன்று நீங்கள் பார்க்கும் கண்ணாடி, வீட்டு சன்னலில் இருக்கும் சாதாரணக் கண்ணாடி இல்லை. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சு இருக்கிறது. வெளிச்சத்தை விடும், வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். ஏ.சி. கரன்ட் பில் குறைய இது அவசியம். 2007-ல் மத்திய அரசு கொண்டுவந்த எரிசக்தி சிக்கனக் கட்டட விதிமுறைகளும் கட்டடத்தின் மேற்போர்வை வெப்பத்தைத் தடுக்க வேண்டும் என்கின்றன. நல்ல நோக்கம், சந்தேகமே இல்லை. ஆனால் வெப்பத்தைத் திருப்பும் அந்த உலோகப் பூச்சு ரேடியோ அலையையும் திருப்பிவிடுகிறது.

எவ்வளவு திருப்புகிறது? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இதற்கென்றே ஒரு கணக்கீட்டு முறை வைத்திருக்கிறது. அது கட்டடங்களைப் பழைய பாணிக் கட்டடம், வெப்பம் தடுக்கும் கட்டடம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. 5ஜி ஓடும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், பழைய பாணிக் கட்டடத்துக்குள் நுழையும்போது இடைநிலை இழப்பு சுமார் 15 டெசிபெல். வெப்பம் தடுக்கும் கட்டடத்தில் சுமார் 29 டெசிபெல். 15-க்கும் 29-க்கும் இரண்டு மடங்குதானே என்று நினைத்துவிடக் கூடாது. டெசிபெல் கணக்கில் ஒவ்வொரு 3-க்கும் வலு பாதியாகும். 15 என்றால் வெளியே இருந்த வலுவில் முப்பதில் ஒரு பங்கு உள்ளே வரும். 29 என்றால் எண்ணூறில் ஒரு பங்கு. மிச்சமெல்லாம் வெளியே.

குடியிருப்புகளில் வேறொரு மாற்றம் வந்திருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. முன்பெல்லாம் அபார்ட்மென்ட் என்றால் கான்கிரீட் தூண், நடுவில் சாலிட் பிளாக் சுவர். இப்போது உயரமான புதிய குடியிருப்புகளில் ‘மிவான்’ முறை பரவலாகிவிட்டது. அலுமினிய அச்சுகளை நிறுத்தி, கம்பி கட்டி, சுவரையும் கூரையையும் சேர்த்தே கான்கிரீட்டில் வார்த்துவிடுவார்கள். வேகமாக முடியும், வழவழவென்று வரும், பூச்சு வேலை மிச்சம். பில்டருக்கு லாபம், வாங்குபவருக்கும் உறுதியான வீடு. ஆனால் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருப்பதுகூட கம்பி வலை புதைத்த கான்கிரீட். வீட்டு ரவுட்டர் எங்கே இருக்கிறது? ஃபைபர் வந்து இறங்கும் இடத்தில்: வாசல் பக்கத்து அலமாரியிலோ டி.வி. யூனிட்டுக்குப் பின்னாலோ. அங்கிருந்து இரண்டு மிவான் சுவர் தாண்டி கடைசி அறைக்குப் போவதற்குள் வைஃபை மூச்சு வாங்குகிறது. அந்தக் கடைசி அறையைத்தான் 2020-ல் எல்லோரும் ஆபீஸ் அறையாக மாற்றினார்கள்.

அலைகள் சுவரைத் தாண்டும் என்று உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர் என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. 1895-ல் கல்கத்தா டவுன்ஹாலில் ஜகதீச சந்திர போஸ், இடையில் சுவர் இருக்கும்போதே ரேடியோ அலையை அனுப்பி அந்தப் பக்கத்தில் மணி அடிக்கவைத்தார், வெடிமருந்தை வெடிக்கவைத்தார். மில்லிமீட்டர் அளவிலான மிகக் குறுகிய அலைகளையும் அவர் ஆராய்ந்தார். இன்றைய 5ஜி ஆய்வாளர்கள் மல்லுக்கட்டுவது அந்த வகை அலைகளோடுதான்.

கம்பி எண்ணாதீர்கள்

போனின் மூலையில் தெரியும் கம்பிகளை நம்பி முடிவெடுப்பவர்கள் ஏமாறுவார்கள். எத்தனை டெசிபெல்லுக்கு எத்தனை கம்பி என்பதற்கு உலகப் பொதுத்தரம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு போன் நிறுவனமும் தனக்கென ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. 2010 ஜூலையில் ஆப்பிள் நிறுவனமே, ஐபோனில் கம்பி காட்டும் சூத்திரம் தவறு, பல நேரம் இருக்கவேண்டியதைவிட இரண்டு கம்பி அதிகமாகக் காட்டியது என்று பகிரங்கக் கடிதத்தில் ஒப்புக்கொண்டது.

சர்வே செய்பவர்கள் பேசுவது டிபிஎம் கணக்கு. பூஜ்யம் டிபிஎம் என்றால் ஒரு மில்லிவாட். போனுக்கு வந்து சேருவது அதைவிட மிகமிகச் சிறியது. அதனால் எப்போதும் மைனஸ். ‘மைனஸ் 67 வருதா?’ என்பது வைஃபை சர்வேயில் அடிக்கடி காதில் விழும் கேள்வி. வைஃபை வழியாகக் குரல் தடங்கலில்லாமல் போக மைனஸ் 67-ஆவது வேண்டும் என்று சிஸ்கோ போன்ற நிறுவனங்களின் வடிவமைப்புக் கையேடுகள் சொல்கின்றன. மைனஸ் 70 என்றால் அதில் பாதி வலு. 4ஜி மொபைலுக்கு அளவுகோல் வேறு: மைனஸ் 95 வரை நிம்மதி, மைனஸ் 110-ஐத் தாண்டினால் தவிப்பு.

எண் நன்றாக இருந்தாலும் சில இடங்களில் கால் கட்டாகும். காரணம், அளப்பது ஒரு திசையை மட்டும். ஆன்டெனாவின் சக்தி அதிகம்; நம் கையில் இருக்கும் போனின் சக்தி குறைவு. மேடையில் மைக் பிடித்துப் பேசுபவரின் குரல் கடைசி வரிசைவரை கேட்கும், கடைசி வரிசைக்காரர் கேட்கும் கேள்வி மேடைக்கு எட்டாது. ‘நீங்க பேசுறது எனக்குக் கேக்குது, நான் பேசுறது உங்களுக்குக் கேக்குதா?’ என்று நாம் கத்துவது அதனால்தான். நம் சர்வே ரிப்போர்ட்கள் பலவற்றில் மேடையின் குரல் மட்டுமே பதிவாகியிருக்கிறது.

சிக்னல் வலுவாக இருந்தும் டேட்டா நகராத இடங்கள் வேறு வகை. சின்னசாமி ஸ்டேடியத்தில் மேட்ச் நாளன்று கம்பி முழுசாக இருக்கும், ஒரு போட்டோகூடப் போகாது. அங்கே குறை அலையில் இல்லை. அதைப் பங்குபோட வந்த கூட்டத்தில். அபார்ட்மென்ட் வைஃபையிலும் இதே நெரிசல் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ஒரே டவரில் இருக்கும் அத்தனை வீட்டு ரவுட்டர்களும் அந்த மூன்றுக்குள் அடித்துக்கொள்கின்றன. 2018-ல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் கூடுதல் அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்த மத்திய அரசு அனுமதித்தது பெரிய உதவி. 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பாதியையும் கட்டடத்துக்குள் குறைந்த சக்தியில் பயன்படுத்த 2025 மே மாதம் வரைவு விதிகள் வந்தன. ஆனால் அலைவரிசை உயர உயர, சுவரைத் தாண்டும் திறன் குறைந்துகொண்டே போகும். மிவான் வீட்டில் புது ரவுட்டர் வாங்கினால் மட்டும் தீராது. அறைக்கு அறை கேபிள் இழுத்து, தேவையான அறையிலேயே ஆக்சஸ் பாயின்ட் வைத்தால்தான் தீரும். வீடு கட்டும்போதே குழாய் போட்டுவைத்தால் செலவு சொற்பம். கட்டி முடித்த கான்கிரீட்டைக் குடைவது தண்டச் செலவு.

யாரும் நடக்காத இடங்கள்

இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான்: சர்வேயில் எந்த இடம் விடுபடுகிறது என்று பாருங்கள். கான்ஃபரன்ஸ் ரூமில் நடக்கிறார்கள். எம்.டி. அறையில் இரண்டு தடவை நடக்கிறார்கள். கிளப் ஹவுஸில், மாடல் ஃபிளாட்டில் நடக்கிறார்கள். பி1, பி2, பி3 பார்க்கிங்? மாடிப்படி? சர்வீஸ் லிஃப்ட்? செக்யூரிட்டி கேபின்? டிரைவர்கள் உட்காரும் மூலை? கழிவுநீர் சுத்திகரிப்பு மோட்டார் இருக்கும் கீழ்த்தளம்? பெரும்பாலான வரைபடங்களில் இவை வண்ணமே இல்லாத வெள்ளைப் பகுதிகள். ‘ஸ்கோப்பில் இல்லை’ என்று சர்வே செய்பவர் சொல்வார். அவர் சொல்வது சரி. அந்த ஸ்கோப்பை எழுதியவர் யார் என்பதுதான் கேள்வி.

வெள்ளைப் பகுதிகளில் இருப்பவர்கள் யார் என்று பார்த்தால் விடை தானாகக் கிடைக்கும். டெலிவரி ஊழியர், டிரைவர், ஹவுஸ்கீப்பிங் பெண்கள், வாட்ச்மேன், எலக்ட்ரீஷியன். இவர்களில் டெலிவரிக்காரருக்கும் டிரைவருக்கும் சிக்னல் என்பது நேரடியாகக் கூலி. ஆர்டர் முடிந்ததாகப் பதிவாகாத ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்கு அடுத்த ஆர்டர் தள்ளிப்போகிறது. வாட்ச்மேனின் வேலையே இப்போது ஆப்பில்தான் நடக்கிறது: வந்தவர் பெயரைப் போட்டு, வீட்டுக்காரரின் அனுமதி வரும்வரை கேட்டைத் திறக்க முடியாது. அவருடைய கேபினில் நெட் வரவில்லை என்றால் திட்டு வாங்குவதும் அவர்தான்.

உயிர்ப் பிரச்னையும் இதில் இருக்கிறது. 112-ஐ அழைக்கும்போது, உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் அங்கே கிடைக்கும் வேறு நிறுவனத்தின் நெட்வொர்க் வழியாக அழைப்பு போகும். ஆனால் எந்த நிறுவனத்தின் அலையும் எட்டாத பி3-ல் அதுவும் போகாது. லிஃப்ட் என்பது நான்கு பக்கமும் இரும்பு மூடிய பெட்டி. கதவு மூடியதும் அலை வெளியே நின்றுவிடும். மின்சாரம் போய் லிஃப்ட் நடுவில் நின்றால், உள்ளே இருக்கும் வயதானவர் கையில் எவ்வளவு விலை உயர்ந்த போன் இருந்தும் பயனில்லை. லிஃப்ட் ஷாஃப்டுக்குள் ஒரு ஆன்டெனா இறக்குவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கட்டடத்துக்குள் ஆன்டெனாக்களைப் பரப்பும் ‘ஐ.பி.எஸ்.’ வேலையில் அது வழக்கமான ஒன்று. கேட்டால் செய்வார்கள். யாரும் கேட்பதில்லை.

பூமிக்கு அடியிலும் முறையாகத் திட்டமிட்டால் சிக்னலைக் கொண்டுவர முடியும். சுரங்கப் பாதைகளில் ஆன்டெனாவுக்குப் பதிலாக, நீளம் முழுக்கச் சிறுசிறு துளைகள் வழியாக அலையைக் கசியவிடும் கேபிளைச் சுவரோரம் இழுக்கும் முறை உலகம் முழுக்க இருக்கிறது. பெங்களூருவின் ‘நம்ம மெட்ரோ’ ரயிலின் முதல் சுரங்கப் பகுதி 2016-ல் திறந்தது. கப்பன் பார்க், விதான சௌதா, மெஜஸ்டிக் எல்லாம் அதில்தான் வருகின்றன. 2022-ல், தெருவிளக்குக் கம்பம் போன்று ஏற்கெனவே இருக்கும் அமைப்புகளிலேயே சின்னச் சின்ன 5ஜி ஆன்டெனாக்களைப் பொருத்திப் பார்க்கும் சோதனைக்கு டிராய் நாட்டில் நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்தது; அதில் ஒன்று நம்ம மெட்ரோ. எம்.ஜி. ரோடு ஸ்டேஷனில் நடந்த சோதனையில் விநாடிக்கு 1.45 கிகாபிட் டவுன்லோடு வேகம் கிடைத்ததாக மெட்ரோ நிர்வாகம் அறிவித்தது. டெய்ரி சர்க்கிளிலிருந்து நாகவாரா வரையிலான பிங்க் லைன் சுரங்கம் ஏறக்குறைய 14 கிலோமீட்டர். அங்கே காலி சுரங்கத்தில் ஒருமுறை, ஆள் நிறைந்த ரயிலோடு ஒருமுறை என்று இரண்டு சர்வேயும் நடக்கவேண்டும்.

பூஸ்டரும் பூட்டிய கதவும்

சிக்னல் இல்லாத கடைக்காரரும் வீட்டுக்காரரும் கடைசியில் போய் நிற்பது ‘பூஸ்டர்’ கடையில். தயவுசெய்து வாங்காதீர்கள். மொபைல் சிக்னல் ரிப்பீட்டரை உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனம் தவிர வேறு யாரும் வைத்திருப்பதும் விற்பதும் இந்தியாவில் சட்டவிரோதம். சட்டத்தை விடுங்கள், அந்தப் பெட்டி உங்கள் அறையின் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி டவருக்கு அனுப்புகிறது. உங்களுக்கு நான்கு கம்பி வரும், தெருவில் மற்றவர்களுக்குக் கால் கட்டாகும்.

முறையான வழி, எல்லா நிறுவனங்களும் பகிர்ந்துகொள்ளும் ஒரே ஐ.பி.எஸ். கட்டமைப்பு. இதற்குத் தடையாக நிற்பது தொழில்நுட்பம் இல்லை, ஒப்பந்தம். ஒரே நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டு மற்றவர்களை உள்ளே விடாத கட்டடங்கள் உண்டு. நுழைய விடுவதற்கே பெரிய வாடகை கேட்கும் கட்டடங்களும் உண்டு. கட்டடத்துக்குள் இருக்கும் கட்டமைப்பைப் பகிர வேண்டும், இப்படிப்பட்ட தனி ஒப்பந்தம் கூடாது என்று 2017 ஜனவரியிலேயே டிராய் பரிந்துரைத்தது. இன்றும் மாலுக்குள் ஒருவர் போனில் சிக்னல் நிறைய, பக்கத்தில் நிற்கும் மனைவியின் போனில் பூஜ்யம் என்பது நம் கண்ணெதிரே நடக்கிறது.

டவர் வேண்டாம், ஆன்டெனா வேண்டாம், கதிர்வீச்சு வரும் என்று குடியிருப்போர் சங்கங்கள் அஞ்சுவதும் உண்டு. அந்தக் கவலையை நான் அலட்சியப்படுத்தவில்லை. 2012 செப்டம்பரிலிருந்து இந்தியாவில் டவர்களுக்கான வரம்பு, சர்வதேச வழிகாட்டுதலில் பத்தில் ஒரு பங்கு. கூடவே இன்னொரு விஷயத்தையும் சங்கக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். சிக்னல் பலவீனமான இடத்தில்தான் போன் தன் முழு சக்தியையும் திரட்டி அலையை அனுப்பும். காதோடு ஒட்டியிருப்பது டவர் இல்லை, போன். பக்கத்தில் ஒரு சின்ன ஆன்டெனா இருந்தால் போன் அடக்கமாக வேலை செய்யும்; பேட்டரியும் நீடிக்கும்.

நட்சத்திரம் வந்தாச்சு, கேட்பார் யார்?

2024 அக்டோபர் 25 அன்று டிராய் ஒரு முக்கியமான விதியை வெளியிட்டது. கட்டடங்களுக்கு டிஜிட்டல் இணைப்புத் தர மதிப்பீடு. ஃபிரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் நட்சத்திரம் போடுகிறார்களே, அதுபோலக் கட்டடத்துக்கும் ஐந்து நட்சத்திரம் வரை. வீடுகள், அலுவலகங்கள், வணிக வளாகங்கள், விமான நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு அரங்கம் எல்லாம் இதற்குள் வரும். டிராயிடம் பதிவுபெற்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் வந்து, ஃபைபர் வசதி, மொபைல் சிக்னல், உள்ளே இருக்கும் ஆன்டெனா, வைஃபை கட்டமைப்பு, பயன்படுத்துபவரின் அனுபவம் என்று பார்த்து மதிப்பெண் போடும். எப்படி அளக்க வேண்டும் என்ற கையேடும் 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது.

நல்ல விதி. ஆனால் இது விருப்பப்பட்டவர் விண்ணப்பிக்கும் ஏற்பாடு. சிக்னல் நன்றாக இருக்கும் கட்டடம் நட்சத்திரம் வாங்கி விளம்பரத்தில் போடும். பேஸ்மென்ட்டில் ஒன்றுமில்லாத கட்டடம் சத்தம்போடாமல் இருந்துவிடும். 2022-ல் மாதிரிக் கட்டட விதிகளில் டிஜிட்டல் கட்டமைப்பைச் சேர்த்து மத்திய அரசு மாநிலங்களுக்கு வழிகாட்டியது. கர்நாடகம் இதை ஓ.சி. என்கிற குடியேற்ற அனுமதிச் சான்றிதழோடு கட்டிப்போட வேண்டும் என்பது என் கருத்து. லிஃப்ட், தீயணைப்பு, மழைநீர் சேகரிப்பு பார்த்துவிட்டுக் கட்டடத்தை ஒப்படைக்கச் சொல்வதுபோல், எல்லா நிறுவனங்களின் சிக்னலையும் மாடிமாடியாக, பேஸ்மென்ட் உள்பட, அளந்த வரைபடத்தையும் கேட்கட்டும். அந்த வரைபடம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் இணையதளத்தில் வீடு வாங்குபவர் பார்க்கும்படி இருக்கட்டும். பெங்களூரு மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்து, கிரேட்டர் பெங்களூரு அதாரிட்டி வந்திருக்கும் இந்த நேரம் அதற்கு ஏற்ற நேரம்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீடு பார்க்கப் போகும்போது இரண்டு நிறுவனங்களின் சிம் போட்ட போனைக் கொண்டுபோங்கள். ஆண்ட்ராய்டு போனில் ‘அபௌட் போன்’ பகுதியில் சிம் ஸ்டேட்டஸைத் திறந்தால் டிபிஎம் எண் தெரியும்; ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் ஃபீல்டு டெஸ்ட் திரை வரும். கடைசிப் படுக்கையறையில் கதவைச் சாத்திவிட்டுப் பாருங்கள். லிஃப்ட்டுக்குள் பாருங்கள். கார் நிறுத்தப்போகும் இடத்திலேயே நின்று ஒரு கால் பேசிப் பாருங்கள். மைனஸ் 110-ஐத் தாண்டினால் பில்டரிடம் எழுத்தில் கேளுங்கள்: ஐ.பி.எஸ். எப்போது வரும், எத்தனை நிறுவனங்களுக்கு இடம், அறைக்கு அறை கேபிள் குழாய் உண்டா.

ஏற்கெனவே குடியிருப்பவர்கள் அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். டிராய் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்போம் என்றும், சர்வேயின் ஸ்கோப்பில் பேஸ்மென்ட், லிஃப்ட், மாடிப்படி, செக்யூரிட்டி கேபின், டிரைவர்கள் காத்திருக்கும் இடம் ஆகிய ஐந்தும் கட்டாயம் என்றும் அதில் எழுதுங்கள்.